மீனா, கோழியா?

எனக்கு வந்த வியாதியைவிட என்னை அதிகமாகப் படுத்தி எடுத்தவர்கள் என்மேல் அன்பாக இருந்தவர்கள்தான். இப்படி எழுதினால் நன்றி கெட்டவள் என்பார்கள். பரவாயில்லை, எழுதுகிறேன். கழுத்தில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிடுவார். பார்க்க வருகிறவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

நான் பரமேஸ்வரி. பினாங்கில், ஜெலுத்தோங் பசாரில், அதாவது சந்தையில், அரைத்த மசாலா விற்கிறேன். மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம், சோம்பு, இஞ்சி, பூண்டு, வெங்காயம் எல்லாவற்றையும் தனித்தனியாக அரைத்து வாளிகளில் வைத்திருப்போம். வருகிறவர்களுக்கு வேண்டியதைக் கரண்டியால் எடுத்து, பிளாஸ்டிக் பையில் ஒன்றாகப் போட்டு, ரப்பர் வளையம் சுற்றிக் கொடுப்பதுதான் வேலை. பார்க்கச் சுலபமாக இருக்கும். ஆனால் கேட்காமல் கரண்டியைத் தொடக் கூடாது. மீனா, கோழியா? எத்தனை பேருக்கு? காரம் கூடவா, குறைவா? தேங்காய்ப்பால் ஊற்றியா, ஊற்றாமலா? இத்தனைக்கும் பதில் வந்த பிறகுதான் பையைக் கட்டுவேன். மீன் மசாலாவைக் கோழிக்குக் கொடுத்துவிட்டால் மறுநாள் காலையில் அந்த அம்மா கடை முன்னால் நின்று என் மானத்தை வாங்கிவிடுவார்.

மலாய்க்காரர்கள் வந்தால் "இக்கான் கா, ஆயாம் கா?" என்பேன். எந்த மொழியும் சரிப்படாத வயதான சீனப் பாட்டிமார்களுக்கு இரண்டு விரலை நீட்டுவேன். முதல் விரல் மீன், இரண்டாவது கோழி. அவர்கள் வேண்டியதைத் தொட்டுக் காட்டுவார்கள். மற்ற எல்லோருக்கும் குரல்தான். பக்கத்தில் கோழி வெட்டுகிற சத்தம், எதிரில் மீன்காரரின் கூப்பாடு, போதாததற்குச் சந்துக்குள்ளேயே மோட்டார்சைக்கிளை ஓட்டிக்கொண்டு வருகிற மகராசன்கள். இவ்வளவுக்கும் மேலே என் குரல் கேட்க வேண்டும். கேட்டது. மசாலா அரைக்கிற இயந்திரம் கெட்டால் வேறு வாங்கலாம், குரல் கெட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று நானே விளையாட்டாகச் சொன்னதுண்டு.

என் வீட்டுக்காரர் குணசேகரன் பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே ஆள் குறைத்தபோது என்னோடு கடைக்கு வந்துவிட்டார். மசாலா கலக்கும் பக்குவம் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. கேள்வி கேட்பது மட்டும் ஒட்டிக்கொண்டது. கடையில் கேட்டதோடு நிறுத்தாமல் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒரு டீ போடச் சொன்னால் போதும். டீயா, கோப்பியா? சீனி போட்டா, போடாமலா? கிளாஸிலா, கப்பிலா? இப்போதா, குளித்துவிட்டா? கடைசிக் கேள்வி வருவதற்குள் நானே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். அப்போதும் பின்னால் வந்து, தனக்கும் சேர்த்துப் போட்டேனா என்று கேட்பார். இந்த மனிதரோடு எப்படிக் காலம் தள்ளினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். கேள்வி என்றாலே எனக்கு எரிச்சல்.

என் கழுத்தைக் கவனித்தது நானல்ல, ஒரு வாடிக்கையாளர். வெள்ளிக்கிழமைதோறும் மீன் மசாலா வாங்குகிற சீன ஆன்ட்டி ஒருவர், நான் எச்சில் விழுங்கியபோது தொண்டையில் ஏதோ ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, விடாமல் விரட்டி என்னை அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினார். கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம். முதலில் தனியார் மருத்துவமனை ஒன்றில் விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டபோதே கட்டி பாதி கரைந்துவிட்டது போல இருந்தது. பேசாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போனோம். அங்கே பணம் போகாது, காலம்தான் போகும்.

காத்திருப்புக் கூடத்தைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம். விடிவதற்கு முன்னால் போய் எண் வாங்கினாலும் நமக்கு முன்னால் ஒரு பட்டாளம் உட்கார்ந்திருக்கும். குணசேகரன் அந்தப் பட்டாளத்தில் ஒருவரைக்கூட விடவில்லை. உங்களுக்கு என்ன, எத்தனை நாளாக, எந்த டாக்டர், அவர் கை எப்படி, ஊசி வலித்ததா. நான் திரும்பி உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழுத்தில் இருப்பது தைராய்டு என்ற சுரப்பி. மூச்சுக்குழாயின் மேல் உட்கார்ந்துகொண்டு, உடம்பு எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று முடிவு செய்வது அதுதானாம். எனக்கு அது இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு மெல்லிய ஊசியைக் குத்திக் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். கெட்ட கட்டி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்று முடிவு வந்தது. அதைச் சொல்வதற்கு எதற்கு ஊசி என்று எனக்குத் தோன்றியது. முழுவதையும் எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டர்.

டாக்டர் சின்னப் பெண், என் மகள் கவிதாவின் வயதுதான் இருக்கும். ஒரு தாளில் படம் போட்டு மலாயில் பொறுமையாக விளக்கினார். சுரப்பியின் பின்னால் இரண்டு நரம்புகள் நூல் மாதிரி ஓடுகின்றன, குரலை அசைப்பது அவைதான், அவற்றில் கை படாமல் பார்ப்போம், ஆனாலும் சில பேருக்குக் குரல் போய்விடுவதுண்டு. பலருக்குத் திரும்பி வந்துவிடும், சிலருக்கு வராது. 'சுவாரா' என்ற அந்த ஒரு மலாய்ச் சொல் காதில் விழுந்ததோடு என் காது அடைத்துவிட்டது. குரல். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்குள் ஏறவில்லை. நான் கடையில் வாளிகளுக்குப் பின்னால் ஊமையாக நிற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இன்னொன்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சுரப்பியின் முதுகில் அரிசி மணி அளவில் குட்டிச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்குமாம். ரத்தத்தில் கால்சியத்தைச் சரியாக வைத்திருப்பது அவற்றின் வேலை. ஆபரேஷனுக்குப் பிறகு அவை கொஞ்ச நாள் வேலைநிறுத்தம் செய்தால் கால்சியம் சட்டென்று இறங்கும், உடம்பு மரத்துப்போகும், உடனே சொல்ல வேண்டும். இதெல்லாம் பின்னால் நான் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு நினைவிருப்பது குணசேகரன் ஆரம்பித்ததுதான். மரத்துப்போவது முதலில் விரலிலா, உதட்டிலா? எறும்பு ஊர்கிற மாதிரியா, ஊசி குத்துகிற மாதிரியா? ஒரு கையா, இரண்டு கையுமா? வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருக்கிறது, இந்த மனிதர் கோழி மசாலா விற்றுக்கொண்டிருக்கிறார். மேசைக்கு அடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். அந்தப் பெண்ணும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது பெயரைச் சொல்லச் சொன்னார்கள். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றேன், மறுபடியும் காற்று. மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மாலையில் அந்தச் சின்ன டாக்டர் வந்து, நரம்பு அறுபடவில்லை, ஆனால் ஒரு பக்கம் அசையவில்லை, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். பேசக் கூடாது. கிசுகிசுப்பாகவும் பேசக் கூடாது, அதுதான் தொண்டையை இன்னும் கெடுக்கும். எத்தனை நாளில் வரும் என்று குணசேகரன் கேட்டார். வாரக்கணக்கோ மாதக்கணக்கோ ஆகலாம் என்றவர், வராமலே போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு அழுதேன். அழுகைக்குக்கூடச் சத்தம் இல்லை.

அடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தது அன்பு.

என் நாத்தனார் சரோஜா அண்ணி சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ் மாறி வந்து சேர்ந்தார். தொண்டையில் தையல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறவளுக்குக் கை நிறைய முறுக்கு கொண்டுவந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஜைனம்பு மாமி, பித்தப்பையில் கல் எடுத்தவர். அவர் மகன்கள் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். ஊருக்கே சோறு போட்டுப் பழகிய கை, சும்மா இருக்குமா? வார்டில் யார் வீட்டுப் பழம் வந்தாலும் தோலுரித்து யாருக்காவது கொடுத்துக்கொண்டே இருப்பார். என் தலையணையை உயர்த்துவார். அண்ணி வந்து தாழ்த்துவார். மாமி ஜன்னலைத் திறப்பார், அண்ணி சாத்துவார். இருவரும் என்னிடம் பேசும்போது வார்டு முழுவதும் கேட்கும்படி கத்திப் பேசினார்கள். போனது குரலா, காதா என்பது அவர்களுக்குத் தெளிவாக இல்லை.

கவிதா எழுதிக் காட்ட ஒரு பலகையும் பேனாவும் வாங்கி வந்து வைத்திருந்தாள். அவள் தொழிற்சாலை வேலைக்குப் போன நேரத்தில், கட்டில் அலங்கோலமாக இருக்கிறது என்று அண்ணி அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மிஸ்ஸிகளை, அதாவது தாதிகளை, அழைக்கும் மணி என் கைப்பக்கம் தொங்கியது. அதையும் விடவில்லை. "பாவம் லா மிஸ்ஸிங்க. காலைலேர்ந்து ஓடுதுங்க. சும்மா சும்மா மணி அடிச்சு தொந்தரவு குடுக்கக்கூடாது" என்று கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் சுற்றிக் கட்டிவைத்தார். தாதிகள்மேல் அவருக்கு இருந்த இரக்கம் உண்மையானது, அதில் சந்தேகமில்லை. எனக்குத்தான் கை எட்டவில்லை.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வேண்டாம் என்று தலையாட்டினால் அதை யாரும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கூச்சப்படுகிறாள், மரியாதைக்குச் சொல்கிறாள் என்று இன்னொரு கரண்டி வைப்பார்கள். பந்தியில் இலையை மூடிக்கொண்டு கெஞ்சினாலும் விரலிடுக்கில் பாயசம் ஊற்றிய இனம் நாம். குரல் இருந்தவரை எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. வேண்டாம் என்று நான் சொன்னால் எதிர் வரிசைக் கடைவரைக்கும் அது வேண்டாம்தான். இப்போது தலையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அன்று மத்தியானம் பார்வையாளர் நேரம். ஒரு நோயாளிக்கு இரண்டு பேர்தான் மேலே வரலாம் என்பதால், ஒரு அனுமதி அட்டையைத் தன் அக்காவுக்கும் இன்னொன்றை அவர் கூட்டி வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் கொடுத்துவிட்டு, குணசேகரன் கீழே உட்கார்ந்திருந்தார். இதுவும் அன்புதான். எனக்கு உதட்டைச் சுற்றி ஏதோ குறுகுறுத்தது. முதலில் மருந்து என்று நினைத்தேன். பிறகு விரல் நுனிகள் என்னுடையவை போலவே இல்லை. கைகளைத் தேய்த்துக்கொண்டேன்.

அதைப் பார்த்த அண்ணி, எனக்குக் குளிர்கிறது என்று முடிவு செய்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்து, இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகி, கைகளை உள்ளே வைத்து மூடினார். நான் தலையாட்டினேன். "பரவால்ல பரமு, இதுல எனக்கென்ன சிரமம்?" என்றார். கையை வெளியே எடுத்தேன். ஜைனம்பு மாமி தன் கட்டிலைவிட்டு மெல்ல இறங்கி வந்து, தைலம் எடுத்து என் உள்ளங்கையிலும் நெற்றியிலும் தேய்த்தார். அந்த நெடியில் என் கண்ணில் நீர் வழிந்தது. "அழாத தங்கச்சி, அல்லா இருக்கான், குரல் வந்துரும்" என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தார். நான் பலமாகத் தலையாட்டினேன். என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாவும் அழத் தொடங்கினார்.

அதற்குள் என் விரல்கள் தாமாகவே மடங்கின. கட்டைவிரல் உள்ளே போய்விட்டது, மற்றவை நீட்டிக்கொண்டு விறைத்து நின்றன. பிரிக்க நினைத்தால் பிரியவில்லை. அலமாரியைக் காட்டினேன், முறுக்கு வேண்டுமா என்றார் அண்ணி. மணி இருந்த பக்கம் தலையைத் திருப்பினேன், தலையணையைச் சரிசெய்தார்கள். என்னைச் சுற்றி மூன்று பேர். மூவருக்கும் என்மேல் உயிர். ஒருவர் காலைப் பிடித்துவிடுகிறார், ஒருவர் கையைத் தேய்க்கிறார், ஒருவர் விசிறுகிறார். இவ்வளவு பேர் நடுவில் நான் செத்துப்போனாலும் போர்வையைச் சரிசெய்துவிட்டுத்தான் கவனிப்பார்கள் என்று தோன்றியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. அவ்வளவு கோபப்பட்டதும் இல்லை.

அப்போதுதான் குணசேகரன் வந்தார். நேரம் முடியப்போகிறது, மனைவியை ஒரு முறை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கீழே காவலாளியிடம் கேட்டு மேலே வந்திருக்கிறார். கால்மாட்டில் நின்று என்னைப் பார்த்தார். அண்ணி நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார், குளிர், நடுக்கம், அழுகை என்று. அவர் எதையும் காதில் வாங்காமல் பக்கத்தில் வந்து, சீனப் பாட்டிமார்களுக்கு நாங்கள் நீட்டுகிற மாதிரி இரண்டு விரலை என் முன்னால் நீட்டினார்.

"பரமு. வலிக்குதா," என்று முதல் விரலை ஆட்டினார். "மரத்துப்போச்சா," என்று இரண்டாவதை ஆட்டினார்.

என் மடங்கிய கையைத் தூக்கி, மணிக்கட்டால் இரண்டாவது விரலை இடித்தேன்.

"விரலா, உதடா?"

இரண்டையும் இடித்தேன்.

"எறும்பு ஊர்ற மாதிரியா, ஊசி குத்துற மாதிரியா?"

இந்த நேரத்திலும் எறும்பா ஊசியா என்று கேட்கிறாரே பாவி மனிதர் என்று எரிந்துகொண்டுதான் எறும்பை இடித்தேன். அவர் என் கையைக் கீழே வைத்துவிட்டு மிஸ்ஸிகளின் மேசைக்கு ஓடினார். அங்கே அவர் எதையும் கேட்கவில்லை. கால்சியம் இறங்கிவிட்டது, விரலும் உதடும் மரத்துவிட்டன, கை இழுத்துக்கொண்டது, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று மலாயில் சொல்லிக்கொண்டு நின்றாராம். எனக்குத் தெரிந்து கேள்வி கேட்காமல் அவர் பேசியது அன்றுதான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. திரையை இழுத்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவை ஃபோனில் விசாரித்தார்கள். கால்சியத்தை ரத்தக்குழாய் வழியாக மெதுமெதுவாக ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் தடுமாறுமாம், அதற்குத்தான் ஒயர். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் வெளியே வந்தது. இன்னும் தாமதித்திருந்தால் தொண்டையே இறுகி மூச்சு அடைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று கேட்டதற்கு மிஸ்ஸி என் வீட்டுக்காரரைக் காட்டினார். டாக்டருக்கு அவரை நன்றாக நினைவிருந்தது. சிரித்துவிட்டு, "இந்த அங்கிளா?" என்றார். மேசைக்கு அடியில் நான் மிதித்த கால் அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணி வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். தம்பி அவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் ஃபிளாஸ்கில் சூப் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் நின்றார். "பரமு, சூப்பு வேணுமா, வேணாமா?" என்று கேட்டார். கேட்கும்போதே கிண்ணத்தில் பாதி ஊற்றியாகிவிட்டது. சிரிப்பு வந்தது, வாங்கிக் குடித்தேன். உப்பு கூட. நல்ல மனுஷி, என்ன செய்வது. ஜைனம்பு மாமி வீட்டுக்குப் போகிற அன்று மணியை அவிழ்த்து என் கைப்பக்கம் போட்டுவிட்டுப் போனார்.

வெட்டி எடுத்த கட்டியில் கெட்டது எதுவும் இல்லை என்று பிறகு முடிவு வந்தது. எல்லோரும் கோவிலுக்கு நேர்ந்துகொண்டதை நிறைவேற்றினார்கள். நானும் கும்பிட்டேன். ஆனால் மனது நிறையவில்லை. உயிரோடு இருக்கிறாய், இன்னும் என்ன வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். குரல் வேண்டும். அதை எந்தக் குரலில் சொல்வது?

சில வாரங்கள் கழித்து மூக்கு வழியாக மெல்லிய குழாய்விட்டுத் தொண்டையைப் பார்த்தார்கள். அசையாமல் இருந்த பக்கம் அசையத் தொடங்கியிருந்தது. இனிமேல் பேசலாம் என்றார் டாக்டர். பேசலாம் என்ன, பேசியே ஆக வேண்டும். பயிற்சி செய்யாமல் சும்மா விட்டால் அது இருக்கிற நிலையிலேயே நின்றுவிடலாம். பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருவர், மூச்சை எப்படி இழுப்பது, எந்தச் சத்தத்தில் ஆரம்பிப்பது என்றெல்லாம் காட்டி, ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கவிதாவின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். உடைந்த தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்து பாதியில் நின்றது. அது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. கவிதா முகத்தைச் சட்டென்று சரிசெய்துகொண்டாள். "பரவாயில்லம்மா, கஷ்டப்படாதீங்க. பேச வேணாம், நாங்க பாத்துக்குறோம்" என்றாள். எவ்வளவு அன்பான பிள்ளை. நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு திறக்கவில்லை.

கடைக்குப் போகத் தொடங்கினேன். கேள்வி கேட்பது குணசேகரன், கலந்து கட்டுவது நான். பசாரே என்னைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டது. வாடிக்கையாளர்கள் என் முன்னால் வந்து நிற்கும்போதே, நான் சிரமப்படக் கூடாது என்று எல்லாவற்றையும் தாங்களாகவே ஒப்பித்தார்கள்: கோழி, ஐந்து பேருக்கு, காரம் குறைவு, பால் ஊற்றி. மீன்காரர் தன் பக்கத்திலிருந்து எனக்காகக் கத்தினார். யாராவது புதிதாக வந்து என்னிடம் ஏதாவது கேட்டுவிட்டால் போதும், "அவங்களால பேச முடியாது லா" என்று நாலு பேர் பாய்ந்து வந்து சொன்னார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னால் முடியாது என்று ஊர் கூடி முடிவு செய்துவிட்டது, அதுவும் எவ்வளவு பிரியமாக! ஆனால் அந்தப் பிரியத்தில் சாய்ந்துகொள்வது சுகமாகவும் இருந்தது. விரலை நீட்டினால் போதும். உடைந்த தகரத்தை யாருக்கும் கேட்கவைக்க வேண்டியதில்லை. பயிற்சித் தாள் குளிர்பெட்டிக் கதவில் அப்படியே ஒட்டிக்கிடந்தது. குணசேகரன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் தண்ணீர் எடுக்கும்போது அதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பசாரில் கால் வைக்க இடமில்லை. திடீரென்று பார்த்தால் பக்கத்தில் நின்றிருந்த மனிதரைக் காணோம். மேசையைச் சுற்றிக்கொண்டு போய், வாடிக்கையாளர்கள் நிற்கிற பக்கத்தில், எனக்கு எதிரே, வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் எங்கள் வீட்டுக் கூடை.

என்ன என்று தலையை அசைத்தேன். கூடையை உயர்த்திக் காட்டினார். சரி, வீட்டுக்கு மசாலா வேண்டும் போலிருக்கிறது என்று இரண்டு விரலை நீட்டினேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். அதற்கு முன்னால் விரலையே பார்க்காதவர் மாதிரி பார்த்தார். தொடவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு மலாய் அம்மா, அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். தள்ளி நில்லுங்கள் என்று கை காட்டினேன். நகரவில்லை. கரண்டியால் வாளியின் விளிம்பைத் தட்டினேன். நகரவில்லை. மூச்சுக்கு ஒரு கேள்வி கேட்கிற மனிதர், வாயே இல்லாதவர் மாதிரி நிற்கிறார். யாராவது வந்து இவரை இழுத்துப் போட மாட்டார்களா என்று பார்த்தேன். எனக்காகக் கத்துகிற மீன்காரர்கூட அன்று வேறு பக்கம் திரும்பி மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். இவர் எல்லோரிடமும் முன்பே சொல்லிவைத்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது.

ஆத்திரத்தில் கரண்டியை வாளிக்குள் போட்டேன்.

"மீனா, கோழியா? வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்!"

'தொறந்து' என்ற இடத்தில் குரல் உடைந்தது. 'சொல்லி' வெறும் காற்றாகப் போய்விட்டது. மிச்சம் வந்தது. கரகரவென்று, பாதி ஆண்பிள்ளைக் குரலாக, ஆனால் வந்தது. கோழி வெட்டுகிற சத்தத்தைத் தாண்டிப் போனது. எப்படித் தெரியும் என்றால், குணசேகரனுக்குப் பின்னால் நின்ற அந்த மலாய் அம்மா, தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, பர்சில் சில்லறையைத் தேடிக்கொண்டே, "ஆயாம், காக்" என்று, கோழிதான் அக்கா என்று, பதில் சொன்னார். இத்தனை வருடங்களாக வரிசையில் நின்று, மற்றவர்களிடம் நான் கேட்கிற தமிழ்க் கேள்வியும் பழகிப்போனவர். என்ன நடந்தது என்று அவருக்கு எதுவும் தெரியாது.

குணசேகரன் திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"நான்தான் முதல்ல வந்தேன்," என்றார். "கோழி."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாதா? எனக்குக் காரம் ஆகாது என்று தெரியாதா? எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கூடையைப் பிடித்தபடி, பின்னால் வரிசை முணுமுணுக்க, காத்துக்கொண்டு நின்றார்.

கரண்டியைக் கையில் எடுத்தேன்.

"எத்தன பேருக்கு?" என்று கேட்டேன்.